துவக்குச் சங்கத்தில் ஒரு குடை

ஞானப்பிரகாசம் துவக்குச் சங்கத்தில், அதாவது துப்பாக்கி சுடுகிறவர்களின் சபையில், சேர்ந்தது பக்தியினால். இதைச் சொன்னால் ஜேர்மனியின் எசன் நகரில் இருக்கும் தமிழர்கள் சிரிப்பார்கள். அவருடைய ஊர் ஜேர்மன்காரர்கள் சிரிப்பதில்லை. பக்தியும் துவக்கும் ஒரே கொடியின் கீழ் நடந்து போவது அவர்களுக்குப் பாட்டன் பூட்டன் காலத்துப் பழக்கம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எசனிலிருந்து ஒரு மணித்தியாலம் ரயிலில் போய், பிறகு பேருந்தில் மலையேறினால் வருகிற ஒரு சிற்றூரில் அவரைக் கொண்டுபோய் இறக்கினார்கள். ஊர் முடிகிற இடத்தில் ஒரு பழைய தங்குவிடுதி. அதுதான் அகதிகளின் ஹைம். அறைக்கு நாலு பேர், சமையலுக்கு ஒரு அடுப்பு, பார்ப்பதற்கு ஏராளமான பசுக்கள். இன்றைக்கும் ஈரமான கம்பளிக் கோட்டின் மணம் எங்காவது வந்தால் ஞானப்பிரகாசத்துக்கு இருபத்தாறு வயதாகிவிடும். அந்த நாளில் குளிரைத் திட்டியவர்தான். இப்போது அந்தக் குளிரைப் பற்றி யாராவது குறையாகப் பேசினால் அவருக்குக் கோபம் வருகிறது.

ஹைமில் முன்பு இருந்த யாரோ ஒரு ஆங்கில - ஜேர்மன் அகராதியை விட்டுப்போயிருந்தார்கள். பொழுது போகாத ஞானப்பிரகாசம் அதை வைத்துக்கொண்டு ஊரில் கண்ணில் பட்ட பலகைகளையெல்லாம் மொழிபெயர்த்தார். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வரும்போது கத்தோலிக்கக் கோயில் வாசல் பலகையில் தெரிந்த பெயர் ஒன்று தென்பட்டது. புனித செபஸ்தியார். பக்கத்தில் 'ஷூட்சன்' என்றும் 'புறூடர்ஷாப்ட்' என்றும் சேர்த்து எழுதிய ஒரு நீண்ட சொல். பிரித்துப் பார்த்தார். ஷூட்சன் என்றால் காப்பாற்றுதல் என்றது அகராதி. மற்றது சகோதரர் சபை. அதாவது, செபஸ்தியார் காவல் சகோதரர் சபை.

அகராதி பொய் சொல்லவில்லை. ஆனால் காப்பாற்றுவதற்கும் சுடுகிறவர்களுக்கும் ஜேர்மன் மொழியில் ஒரே உச்சரிப்பு என்பதை அந்தப் பக்கத்தில் அது சொல்லவுமில்லை. அந்த ஒலிக்குள் ஆங்கிலத்து 'சூட்' கேட்கிறதே என்று ஒரு கணம் அவருக்குப் பட்டது. ஆனால் அச்சடித்த அகராதியை விட்டுத் தன் காதை நம்புகிற வயது இன்னும் வந்திருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் அவருடைய ஊர்க் கோயிலிலும் செபஸ்தியார் சபை ஒன்று இருந்தது. பெருநாளுக்குப் புனிதரின் சுரூபக் கூடு தூக்குகிறவர்களில் அவரும் ஒருவர். அதோடு பின்னேரச் செபம் முடிந்ததும் கோயில் கதவுகளைப் பூட்டுகிற பொறுப்பும் அவருடையது. ஆகவே, இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூட்டம் நடக்கும் மண்டபத்துக்குப் போனார்.

சபைத் தலைவர் ஹோல்ஷர் என்கிற குழாய் திருத்துநர். பெருத்த உடம்பு, பெருத்த மீசை, சின்னக் குரல். வந்தவர் கத்தோலிக்கர் என்று அறிந்ததும் மகிழ்ந்துபோய், ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"உனக்கு ஷீசன் தெரியுமா?"

ஷீசன் என்றால் சுடுதல். ஞானப்பிரகாசத்தின் காதில் விழுந்தது ஷ்லீசன். அப்படியென்றால் பூட்டுதல்.

"தெரியும்," என்றார் ஞானப்பிரகாசம்.

"எங்கே பழகினாய்?"

"கோயிலில்."

மண்டபத்தில் பியர்க் குவளைகள் மேசைக்கு இறங்கின. "கோயிலிலா?"

"ஓம். ஒவ்வொரு நாளும் பின்னேரம், செபம் முடிந்த உடனே. பெருநாள் என்றால் இரண்டு தரம்."

"அங்கே நிலைமை அவ்வளவு மோசமா?" என்று கேட்டார் ஹோல்ஷர், இன்னும் சின்னக் குரலில்.

"மோசம்தான். பூட்டாவிட்டால் ஆடு உள்ளே வந்துவிடும்."

ஆடு என்ற சொல்லை அவர் சரியாகச் சொன்னாரா என்பது பற்றி இன்றைக்கும் இருவேறு கருத்து உண்டு. எப்படியோ, அன்றைக்கே அவரை ஏகமனதாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஞானப்பிரகாசம் என்ற பெயரின் வாலைப் பிடித்து 'சாம்' என்று கூப்பிடவும் தொடங்கினார்கள். நாட்டில் தங்க அனுமதி கிடைப்பதற்கு ஏழு வருடம் முன்பே துவக்குச் சங்கம் அவரை அனுமதித்துவிட்டது.

உண்மை தெரிந்தது ஆனி மாதத்துத் திருவிழாவில். உயரமான கம்பத்தின் உச்சியில் மரத்தால் செய்த ஒரு பறவை. அதை ஒருவர் மாறி ஒருவர் சுடுவார்கள். கடைசித் துண்டை விழுத்துகிறவர் அந்த வருடத்து ராசா. இதையெல்லாம் யாரும் அவருக்கு விளக்கவில்லை, தெரிந்தவன் என்று நினைத்துவிட்டார்கள். தொடக்க வெடியாக ஒரு சின்னப் பீரங்கியைக் கொளுத்தினார்கள். சத்தம் அடங்கிப் பார்த்தபோது சாமைக் காணவில்லை.

கூடாரத்துக்குள் நீண்ட மேசை ஒன்றின் அடியில் அவர் குந்தியிருந்தார். கைகள் காதில். ஹோல்ஷர் தேடிக்கொண்டு வந்து, மேசை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அந்தப் பெருத்த உடம்பை மடக்கி, முனகி, தானும் உள்ளே நுழைந்து பக்கத்தில் இருந்தார். பிறகு கையை மட்டும் வெளியே நீட்டி இரண்டு பியர் வாங்கினார். வெளியே வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள், பறவை துண்டுதுண்டாக விழுந்தது, ராசா ஒருவர் உருவானார். உள்ளே இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. கதைப்பதற்கு ஞானப்பிரகாசத்திடம் ஜேர்மன் இருக்கவுமில்லை. பிற்காலத்தில் எத்தனையோ பேர் அவருடன் ஒருங்கிணைவு பற்றிப் பேசினார்கள், அதற்கென்று வகுப்பும் வைத்தார்கள். அந்த மேசைக்குக் கீழே நடந்ததற்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று அவர் சில நேரம் யோசிப்பதுண்டு.

அடுத்த வருடம் ஹோல்ஷர் கொடியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். "கொடி பிடிக்கிறவனுக்கு இரண்டு கையும் வேண்டும்," என்றார். "துவக்குப் பிடிக்கக் கை மிஞ்சாது."

அன்று தொடங்கியதுதான். ஒவ்வொரு ஆனியிலும் பச்சைச் சட்டை, இறகு வைத்த தொப்பி, மார்புக்குக் குறுக்கே தோல் வார், வாரில் செருகிய கொடித்தடி, கொடியில் உடம்பெல்லாம் அம்பு தைத்த செபஸ்தியார். பின்னால் அறுபது எழுபது பேர் தோளில் மரத்துவக்கோடு வருவார்கள். ஊர்வலத்துக்கு உண்மைத் துவக்கு கிடையாது. மரத்தில் கடைந்தது, குழல் வாயில் ஒரு பூ. முன்னால் கறுப்பாக, மெலிவாக, ஒரு வார்த்தை பேசாமல் ஞானப்பிரகாசம். கல்யாணம் முடித்த புதிதில் இதைப் பார்த்த மங்கையற்கரசிக்கு விளங்கவேயில்லை. அவர் சைவம், யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெண்.

"கொடியிலை இருக்கிறவர் அம்பு வாங்கினவர். பின்னாலை வாறவை அம்பு விடுறவை. நீங்கள் ஆருடைய ஆள்?" என்று கேட்டார்.

"நான் தடி பிடிக்கிற ஆள்."

"நல்ல உத்தியோகம்."

நல்ல உத்தியோகம்தான். மழையில் நனைந்த கொடியைத் தங்கள் குளியலறையில் காயவிட்ட வருடங்களை மங்கையற்கரசியே இப்போது ஆசையாகச் சொல்வார். மகள் மிதுசா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொடியின் தங்கக் குஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்திருக்கிறாள். ஹோல்ஷர் செத்தபோது குழிக்கு மேலே கொடியை மூன்று தரம் தாழ்த்தியதும் ஞானப்பிரகாசம்தான். அன்றைக்குத் துவக்குக்காரர்கள் வானத்தை நோக்கி மரியாதை வெடி வைத்தார்கள். அவர் அசையாமல் நின்றார். அசையாமல் நிற்பதற்குக் கொடித்தடி பெரிய உதவி.

இந்தச் சீவியத்துக்கு முதல் இடைஞ்சல் வலது தோளில் வந்தது. ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் கண்ணாடி தூக்கித் தூக்கித் தேய்ந்த தோள். போன வருடம் மாசியில் வெட்டித் தைத்த டாக்டர், கொடி என்ற சொல்லைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுத்துவிட்டார்.

அதே மாசி மாதத்தில் பக்கத்து வீட்டில் களவு போனது. அந்த ஞாயிறு எசனிலிருந்து மிதுசா வந்திருந்தாள். அவள் அங்கே சமூகப் பணி படிக்கிறாள். வீட்டில் துவக்கு வைத்திருப்பதை எதிர்க்கும் மாணவர் குழு ஒன்றிலும் இருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டில் மங்கையற்கரசி அறிவித்தார்.

"நான் ஒரு காஸ் துவக்கு வாங்கப் போறன். சத்தமும் புகையும்தான் வருமாம், ஆள் சாகாதாம். கைப்பையிலை கொண்டு திரியிறதுக்கு மட்டும் பொலிசிலை ஒரு சின்ன அனுமதி எடுக்க வேணும். நாள் குறிச்சு டெர்மின் வைச்சிட்டன்."

மிதுசா கரண்டியை வைத்தாள். "அம்மா, உங்களிட்டைத் துவக்கு இருக்கெண்டு தெரிஞ்சால் கள்ளன் பெரிய துவக்கோடை வருவான்."

"அப்ப நான் அதைவிடப் பெரிசு வாங்கிறன்."

"உப்பிடித்தான் நாடுகளும் செய்யுது."

"நாடுகள் விடிய அஞ்சு மணிக்கு இருட்டுக்குள்ளை பஸ்சுக்கு நடக்குதுகளே? நான் நடக்கிறன்."

"உங்களைப் போலப் பயந்த ஆக்கள்தான் எல்லாரும் வாங்கினம். வாங்கினாப் பிறகு ஆருக்குப் பயம் குறைஞ்சது?"

"அதை வாங்கிப் பாத்திட்டுச் சொல்லுறன். இஞ்சாருங்கோ, நீங்கள் என்ன பேசாமல் இருக்கிறியள்? இத்தினை வருசம் துவக்குச் சங்கத்திலை. வீட்டிலை ஒரு விளையாட்டுத் துவக்கும் இல்லை. மீன்கடைக்காரன் வீட்டிலை ஒரு நெத்தலியாவது கிடக்கும்."

"அதுதான் அப்பா எனக்கும் விளங்கேல்லை," என்றாள் மிதுசா. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனீங்கள். வந்து துவக்குக்காரருக்கு முன்னாலை கொடி பிடிக்கிறியள்."

இரண்டு எதிரிகளும் கண நேரத்தில் ஒரே அணியாகிவிட்டதை ஞானப்பிரகாசம் கவனித்தார். "எனக்குத் தோள் நோகுது," என்று சொல்லி எழும்பிப் போனார்.

உண்மையான விவாதம் பங்குனியில், சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வந்தது. இப்போதைய தலைவர் ரூதர், வரிக் கணக்கு ஆலோசகர். நல்ல மனிதர். ஒழுங்கு என்று வந்தால் சொந்தத் தாயாரையும் வரிசையில் நிற்க வைப்பவர். கொடியை இனி இளையவர் ஒருவர் தூக்குவார் என்று அறிவித்து, சாமுக்கு ஒரு நன்றிப் பரிசு என்று நீளமான பொதியொன்றை அவிழ்த்தார். புதிதாகக் கடைந்த மரத்துவக்கு. வால்நட் மரம். பிடியில் 'சாம்' என்று பித்தளையில் பெயர் பதித்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஞானப்பிரகாசத்தின் கைகள் கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தன. வெளியே வரமாட்டோம் என்று அவை நின்றன.

"எனக்கு ஏலாது," என்றார் ஜேர்மனில்.

"தோளா? இடது தோளில் வைக்கலாமே. கொடியின் கால்வாசிப் பாரம்கூட இல்லை."

"தோள் இல்லை."

"சாம், இது மரம்."

"தெரியும். எங்கள் தெருவிலும் முதலில் மரத்தில்தான் கொடுத்தார்கள்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அவருக்கு ஒரு தம்பி இருந்தான். அவனும் ஒழுங்கையில் இருந்த பொடியன்களும் பனங்காணிக்குள் மரத்துவக்கோடு அணிநடை பழகியதை ஞானப்பிரகாசம் வேலியால் எட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறார். மரந்தானே என்று. மரம் எப்போது இரும்பானது என்பதை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. தம்பியின் படம் இப்போது வரவேற்பறையில் இருக்கிறது. மாலை போடுவதா மெழுகுதிரி கொளுத்துவதா என்று கணவனுக்கும் மனைவிக்கும் ஒத்துவராததால் இரண்டும் உண்டு.

பிறகு ஜேர்மன் மண்டபங்களில் நடப்பதுபோல நடைமுறைக் கேள்வி எழும்பியது. வெறுங்கையோடு வரட்டும் என்றார் ஒருவர். ரூதர் தலையாட்டினார், இல்லையென்று. வரிசையில் எல்லோர் தோளிலும் ஏதாவது இருக்க வேண்டும், ஒருவரிடம் மட்டும் இல்லாவிட்டால் பல்லுப் போன வாய் போல இருக்கும். ஏலாதவர்களுக்கு ஓய்வு உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. அவர்கள் கூடாரத்தில் இருந்து ஊர்வலத்தைப் பார்க்கலாம், கேக்கும் அவர்களுக்குத்தான் முதலில் பரிமாறப்படும்.

ஞானப்பிரகாசம் அந்த ஊரில் வீடு வாங்கியிருக்கிறார், குடியுரிமை எடுத்திருக்கிறார், மகளைப் பெற்றிருக்கிறார். ஆனால் இந்த ஊர் தன்னுடையது என்று அவருக்குத் தோன்றுவது வருடத்தில் ஒருநாள், அந்த வரிசையில் நடக்கும்போதுதான். கூடாரத்தில் இருந்து கேக்கு சாப்பிட்டுக்கொண்டு அதைப் பார்க்க அவரால் ஏலாது. மரத்துவக்கைத் தூக்கவும் ஏலாது.

பின்வாங்கிலிருந்து பேக்கரிக்காரர் ஒருவர் குரல் கொடுத்தார். "சாமுக்கு ஒரு குடையைக் கொடுத்து விடுங்கள். எப்படியும் எங்கள் திருவிழாவில் மழைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஞானப்பிரகாசம் சிரிக்கவில்லை.

"நல்லது," என்றார். "குடை."

சிரிப்பு நின்றது. ரூதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஷூட்ஸ் உண்ட் ஷிர்ம்," என்று தனக்குள் சொன்னார். காவல் என்ற சொல்லோடு குடை என்ற சொல்லையும் சேர்த்து ஜேர்மனில் அப்படியொரு இரட்டைச் சொல் உண்டு. கோயிலிலும் சொல்வார்கள், பழைய சட்டங்களிலும் வரும். காலங்காலமாகச் சேர்ந்து நிற்கிற இரண்டு சொற்களைப் பிரிக்க ஒரு வரி ஆலோசகருக்கு மனம் வராது. வாக்கெடுப்பு நடந்தது. இந்த வருடம் மட்டும், பரீட்சார்த்தமாக, சாம் குடையோடு நடக்கலாம். ஊர்வலத்தின் ஒழுங்கு கெட்டால் அடுத்த வருடம் ஓய்வுப் பட்டியல்.

மங்கையற்கரசி தன் டெர்மினுக்குப் போய் வந்தார். வீட்டில் யாராவது துவக்குச் சங்கத்தில் இருக்கிறார்களா என்று பொலிசில் கேட்டார்களாம், ஓம் என்றதும் முகம் மலர்ந்து அனுமதி தந்தார்களாம். அங்கிருந்து நேரே ஆயுதக் கடைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் துவக்கு இல்லை, ஒரு நீண்ட கறுப்புக் குடை இருந்தது.

"கடைக்காரன் ஒருக்கால் வெடிச்சுக் காட்டினவன்," என்றார். கை காதைத் தடவியது. குடையை மேசையில் வைத்தார். "இது முறியாத குடையாம். உள்ளுக்குள்ளை என்னவோ நாராலை செய்த கம்பி. இதாலை அடிச்சால் ஒருத்தன் எழும்ப மாட்டானாம். அனுமதியும் தேவையில்லை. பொத்தானை அமத்தினால் தானாய் விரியும்."

வீட்டில் இருந்த மற்றக் குடை இரண்டாக மடிகிறது, அதில் ரோசாப்பூ வேறு. ஆகவே ஞானப்பிரகாசம் மனைவியின் புதுக் குடையை இரவல் கேட்டார்.

"தாறன். பத்திரம். உது ஆயுதம்."

இப்படியாக, ஆயுதம் வேண்டாம் என்றவரின் தோளுக்கு ஆயுதக் கடையிலிருந்தே பொருள் வந்து சேர்ந்தது. செய்தி கேட்ட மிதுசா எசனிலிருந்து போன் எடுத்தாள். குரலில் அவ்வளவு சந்தோசம்.

"அப்பா, சூப்பர். நாங்கள் எல்லாரும் வாறம். பேப்பர்காரரையும் கூப்பிடுறன். துவக்குச் சங்கத்துக்குள்ளேயே ஒரு அகதி எதிர்ப்புத் தெரிவிக்கிறார் எண்டு..."

"நான் ஒண்டுக்கும் எதிர்ப்புத் தெரிவிக்கேல்லை, பிள்ளை. நான் ஊர்வலத்திலை போறன்."

"குடையைத் தூக்கிக்கொண்டு போறதே எதிர்ப்புத்தானே."

"அது உனக்கு. எனக்கு அது வரிசையிலை நிக்கிறதுக்கு வழி. பேப்பர்காரன் வந்தால் அவையள் என்ன நினைப்பினம்? இவ்வளவு வருசமும் உள்ளுக்குள்ளை இருந்து வேவு பாத்தவன் எண்டு நினைப்பினம்."

"நீங்கள் பேசாமல் இருந்து இருந்துதான் அப்பா அவையளுக்கு வசதியாய்ப் போச்சு."

"எனக்கும் வசதியாய்த்தான் இருந்தது."

கடைசியில் மிதுசா, பேப்பர்காரர் வேண்டாம், பெயரும் சொல்லமாட்டோம், கோசமும் போடமாட்டோம், சும்மா றோட்டோரத்தில் நிற்போம் என்று ஒத்துக்கொண்டாள். மூடிய குடையோடு, பேசாமல். அது யாருக்கும் இடைஞ்சல் இல்லைத்தானே. சும்மா நிற்கிறவர்களைத் தடுக்க எந்தத் தகப்பனிடமும் விதி இல்லை.

திருவிழா அன்று ஊர் சரித்திரத்திலேயே இல்லாத வெயில். மருந்துக்கும் மேகம் கிடையாது. மூன்றாவது வரிசையில், இடது தோளில் குடையைச் சாய்த்துக்கொண்டு ஞானப்பிரகாசம் நடந்தார். பேக்கரிக்காரர் பக்கத்தில். கைப்பிடியில் யாரோ ஒரு வெள்ளை ரோசாவைச் செருகியிருந்தார்கள். ரூதராகத்தான் இருக்கும், மற்றத் துவக்குகளோடு பொருந்தட்டும் என்று. ரூதர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வீதியோரத்தில் கிழவிகள் 'சாம்' என்று கையசைத்தார்கள். நெடுங்காலத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு கையை வீசி நடக்க முடிந்தது. கொடிக்காரருக்குக் கிடைக்காத சுகம் அது.

நகரசபைக்கு எதிரே ராசாவும் ராணியும் குதிரை வண்டியில் காத்திருந்தார்கள். அங்கே மிதுசாவும் ஏழெட்டு மாணவர்களும் சொன்னபடி சத்தமில்லாமல் நின்றார்கள், மூடிய குடைகளைத் துவக்குப் போலத் தோளில் சாய்த்து. ரூதர் அவர்களைப் பார்த்தார், சாமைப் பார்த்தார். வாத்தியம் நின்றது. வாளை உயர்த்திக் கட்டளையிட்டார். மரியாதைக்குத் துவக்கை நெஞ்சுக்கு நேரே நிமிர்த்திப் பிடிக்கும்படியான கட்டளை.

குடைக்கு அந்தக் கட்டளையில் என்ன செய்வது என்று அதுவரை யாரும் யோசித்திருக்கவில்லை. ஞானப்பிரகாசமும் மற்றவர்களைப் போலவே அதை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சுக்கு நேரே நிமிர்த்தினார். பெருவிரல் போய் இருந்த இடம் பொத்தான்.

டப்.

அந்த அமைதியில் அது வெடிதான். கறுப்புக் குடை வரிசைக்கு மேலே முழுசாக விரிந்து நின்றது, வெள்ளை ரோசா எங்கோ பறந்தது. குதிரை இரண்டடி பின்னுக்குப் போனது. இதுதான் சைகை என்று நினைத்த மாணவர்கள் தங்கள் குடைகளையும் விரித்தார்கள். டப், டப், டப் என்று வீதியோரம் முழுக்க. இதுதான் சைகை என்று நினைத்த வாத்தியக்காரர்களும் அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள். பாதி வரிசை நடக்கத் தொடங்கியது, பாதி நின்றது. ராணி வண்டிக்குள் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். ரூதர் வாளை உயர்த்தியபடியே நின்றார்.

சத்தத்துக்குத் தான் திடுக்கிடவில்லை என்பது ஞானப்பிரகாசத்துக்கு அடுத்த தெருவில்தான் உறைத்தது. அதை நினைத்து மகிழ நேரம் இருக்கவில்லை. ஊர்வலத்தின் ஒழுங்கு கெட்டுவிட்டது.

செயற்குழு கூடும்வரை அவர் நல்லாய்த் தூங்கவில்லை. பழைய படப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருடத்துப் படத்திலும் கொடிக்குக் கீழே அவர், பின்னால் ஆட்கள் குறைந்துகொண்டும் நரைத்துக்கொண்டும். ஹோல்ஷர் இருந்தால் இந்தச் சங்கதிக்கு என்ன சொல்லியிருப்பார் என்று மங்கையற்கரசியைக் கேட்டார். "ஒண்டும் சொல்லியிருக்கமாட்டார், பியர் வாங்கியிருப்பார்," என்றார் மங்கையற்கரசி. மகள் இரண்டு தரம் போனில் மன்னிப்புக் கேட்டாள். மூன்றாம் தரம் நேரே வந்துவிட்டாள்.

அவள் வந்திருந்த சனிக்கிழமைதான் ரூதர் வந்தார், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக. மங்கையற்கரசி தேத்தண்ணியும் பொரித்த ரோல்சும் வைத்தார். ரூதர் முதலில் ரோல்ஸ் சாப்பிட்டார், பிறகு தொண்டையைச் செருமினார்.

"இரண்டு மணித்தியாலம் விவாதித்தோம். ஒழுங்கு கெட்டது உண்மை. ஆனால் எதனால் கெட்டது என்று பார்க்க வேண்டும். குடையினால் அல்ல என்பது குழுவின் முடிவு. பொத்தானினால்."

ரூதர் இன்னொரு ரோல்ஸ் எடுத்தார்.

"அதோடு, தோள் நோவு உள்ள வேறு நாலு பேரும் குடைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். அதில் பேக்கரிக்காரரும் ஒருவர். ஆகவே விதி செய்ய வேண்டியதாயிற்று. உடம்புக் காரணத்துக்காகவோ மனச்சாட்சிக் காரணத்துக்காகவோ துவக்குக்குப் பதில் குடை பிடிக்கலாம். கறுப்பு நிறம். மரக் கைப்பிடி. இடது தோள். பொத்தான் கூடாது."

"அப்ப துவக்கு?" என்று மிதுசா ஜேர்மனில் கேட்டாள்.

"துவக்கு எப்போதும்போல."

அவள் தகப்பன் பக்கம் திரும்பித் தமிழுக்கு வந்தாள். "அப்பா, அவையள் எங்கடை எதிர்ப்பை எடுத்து விதியாக்கிப் போட்டினம்."

"விதி மாறவேணும் எண்டுதானே பிள்ளை நீ கேட்டனி?"

"துவக்கைக் குறைக்கச் சொல்லிக் கேட்டனாங்கள். குடையைக் கூட்டச் சொல்லேல்லை."

"அஞ்சு குடை வந்தால் அஞ்சு துவக்குப் போச்சுத்தானே."

"அது மரத்துவக்கப்பா."

"மரத்திலை தொடங்கினதை மரத்திலைதான் நிப்பாட்டலாம்," என்றார் ஞானப்பிரகாசம். சொன்ன பிறகு அது தனக்கே கொஞ்சம் பெரிய கதையாகப் பட்டதால் ரோல்ஸ் தட்டை ரூதர் பக்கம் தள்ளினார்.

அவர்கள் என்ன கதைக்கிறார்கள் என்று ரூதர் மங்கையற்கரசியிடம் கேட்டார். விதியைப் பாராட்டுகிறார்கள் என்றார் மங்கையற்கரசி. பிறகு கணவனைப் பார்த்து, "என்ரை குடையை இனித் தரமாட்டன். பொத்தான் இல்லாத ஒண்டை வாங்குங்கோ," என்றார்.

ரூதருக்கு இன்னும் ஒன்று இருந்தது. "வரிசை விசயம். குடைக்காரர்கள் ஐந்து பேரையும் ஒன்றாக நிறுத்துவதா, பிரித்துப் போடுவதா என்று முடிவாகவில்லை. உனக்கு எங்கே நிற்க விருப்பம், சாம்?"

ஞானப்பிரகாசம் யோசித்தார். இவ்வளவு காலமும் அவரிடம் இப்படியொரு கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

"கொடிக்கு நேர் பின்னால்," என்றார். "புதிதாகக் கொடி பிடிக்கிற பொடியனுக்குச் சொல்லவேண்டும். நகரசபை மூலையில் திரும்பும்போது ஆற்றுப் பக்கமிருந்து காற்று அடிக்கும். அந்த இடத்தில் வாரைக் கொஞ்சம் இளக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கொடி ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும்."

ரூதர் தலையாட்டினார். அடுத்த பங்குனியில் பயிற்சிக்கு வரும்போது அதை நேரே காட்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

"வாறன்," என்றார் ஞானப்பிரகாசம், தமிழில்.